முன் சக்கரம் சூடாகிறது, காலிப்பரை நானே கழற்றலாமா?

பெங்களூரு இந்திராநகரிலிருந்து ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். வண்டி பழைய ஸ்விஃப்ட். வாரம் முழுக்க மெட்ரோவில் அலுவலகம், கார் வெளியே வருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். போன மாதம் புது பிரேக் பேட் போட்டார். அதிலிருந்து இடது முன் சக்கரம் மட்டும் கொதிக்கிறது, வண்டியை நிறுத்தினால் தீய்ந்த வாடை. மெக்கானிக் பார்த்துவிட்டு "காலிப்பர் போச்சு சார், புதுசு மாத்தணும்" என்றிருக்கிறார். அவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. அப்பார்ட்மென்ட் பேஸ்மென்டிலேயே கழற்றிப் பார்க்கலாமா, என்னென்ன டூல் வேண்டும், எந்த வரிசையில் செய்வது என்று கேட்கிறார்.

கழற்றலாம். முன் சக்கரக் காலிப்பர், அதாவது பேட்டை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கிற பகுதி, இரண்டு போல்ட்டில் நிற்கிற சாமான். ஆனால் இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஹோஸ் (பிரேக் ஆயில் வருகிற ரப்பர் குழாய்) அப்படியே இருக்க, காலிப்பரைத் தூக்கி ஓரமாகக் கட்டி வைத்துப் பேட், பின் (காலிப்பர் வழுக்கி நகர்கிற pin), பிஸ்டன் (ஆயில் அழுத்தத்தில் பேட்டைத் தள்ளுவது) மூன்றையும் பார்ப்பது முதல் வேலை. இதற்குப் பிரேக் ஆயில் ஒரு சொட்டுகூட வெளியே வராது, காற்று எடுக்கவும் (லைனில் புகுந்த காற்றை வெளியேற்றவும்) வேண்டாம். ஹோஸைக் கழற்றிக் காலிப்பரையே கையில் எடுப்பது இரண்டாவது வேலை. அதில் ஆயில் கொட்டும், காற்று புகும், திருப்பிப் போட்டபின் பெடல் சரியாக வருகிற வரை வண்டி நகரக் கூடாது. உங்கள் பிரச்சினைக்கு முதல் வேலையே போதுமாக இருக்கலாம். முருகேஷ்பாளையத்தில் எங்கள் ஒர்க்ஷாப்புக்கு "காலிப்பர் போச்சு" என்று வருகிற வண்டிகளில் பல, பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தாலே சரியாகிவிடுகின்றன.

ஸ்பேனரைத் தொடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பத்து நிமிட வேலைதான், ஆனால் காசை மிச்சப்படுத்துவது இதுதான். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி, சக்கரம் பிடிக்க ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, அந்த முன் சக்கரத்தை மட்டும் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். ஸ்விஃப்ட்டில் ஹேண்ட்பிரேக் பின் சக்கர டிரம்மில்தான் பிடிக்கும், முன் சக்கரத்துக்குத் தொல்லை இல்லை. இறுக்கமாகச் சுற்றினால், காலிப்பரின் பின்பக்கம் ரப்பர் மூடி போட்ட சின்ன நிப்பிள் இருக்கும், அதைக் கால் சுற்று தளர்த்துங்கள். சுர்ரென்று கொஞ்சம் ஆயில் பீய்ச்சி, சக்கரம் சட்டென்று லேசானால், உள்ளே அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது குற்றவாளி காலிப்பர் இல்லை. பெரும்பாலும் ஹோஸ்தான். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே ரப்பர் உப்பி வழியை அடைத்திருக்கும். கால் மிதிக்கிற வேகத்தில் ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வர முடியாது. புதுக் காலிப்பர் மாற்றினாலும் பிரச்சினை அப்படியே இருக்கும். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால்தான் கோளாறு பின்னிலோ பிஸ்டனிலோ. பார்த்ததும் நிப்பிளை மூடிவிடுங்கள். அது துருவேறி அசையவில்லை என்றால் வம்பு பண்ணாதீர்கள், முறிந்தால் வேலை இரண்டு மடங்கு.

புது பேட் போட்ட பிறகுதான் ஆரம்பித்தது என்கிறீர்களே, அது தற்செயல் இல்லை. காலிப்பர் பிஸ்டனைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கிற சதுரமான ரப்பர் சீல், மிதிக்கும்போது லேசாக முறுக்கிக்கொண்டு, காலை எடுத்ததும் தன் வடிவத்துக்குத் திரும்பும். பிஸ்டன் பின்வாங்குவது அந்த மயிரிழை அளவுதான். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே நகர்ந்துகொண்டே வரும். வெளி ரப்பர் பூட் (பிஸ்டனை மூடுகிற உறை) கிழிந்திருந்தால், மழைத் தண்ணீர் புகுந்து வெளியே தெரிகிற பகுதியில் துரு ஏறும். புது பேட் தடிமன் ஆயிற்றே, அதற்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது துருப் பிடித்த அந்தப் பகுதி சீலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் எங்கே பின்வாங்கும்? வாரம் ஆறு நாள் நிற்கிற வண்டிகளில் இதை அதிகம் பார்க்கலாம்.

சரி, டூல். ஸ்டெப்னி மாற்ற வண்டியோடு வந்த ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், அதை நம்பி வேலை செய்யக் கூடாது. ஒரு ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம் வேண்டும். மாருதியில் சக்கர நட்டுக்குப் பெரும்பாலும் 19 எம்.எம். சாக்கெட், ஹூண்டாயில் 21. காலிப்பர் பின் போல்ட்டுக்கு 12 அல்லது 14, காலிப்பரைத் தாங்குகிற பிராக்கெட்டின் போல்ட்டுக்கு 17 வரும். வோக்ஸ்வாகன் போலோ மாதிரி வண்டி என்றால் பின்னுக்கு 7 எம்.எம். ஆலன் கீ தேவை, சாதாரண ஆலன் கீ செட்டில் 6-க்கு அடுத்து 8-க்குப் போய்விடுவார்கள், பார்த்து வாங்குங்கள். சாக்கெட் ஆறு முனை உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் துருப் பிடித்த போல்ட்டின் தலையை மொழுக்கிவிடும். இவை தவிர நீளக் கைப்பிடி, ஒல்லியான ஓப்பன் ஸ்பேனர் ஒன்று, ஆறு அங்குல சி-கிளாம்ப், வயர் பிரஷ், பிரேக் கிளீனர் ஸ்பிரே, கட்டுக் கம்பி, சிலிக்கான் கிரீஸ். இறுக்குகிற பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். கைச் சாமான்களுக்கு எஸ்.ஜே.பி. ரோடு போங்கள், பிரேக் பார்ட்ஸுக்கு ஜே.சி. ரோடு. பழைய வண்டியிலிருந்து கழற்றிய காலிப்பர் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்க வேண்டாம். கதவுக் கைப்பிடி பழசு வாங்கலாம், பிரேக் வாங்கக் கூடாது.

கிரீஸ் விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பேரிங்குக்குப் போடுகிற சாதாரண கிரீஸைக் காலிப்பர் பின்னில் வைக்காதீர்கள். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிப் போகும். ஊதிய பூட்டும் புஷ்ஷும் பின்னை நகர விடாமல் கவ்விக்கொள்ளும். கிரீஸ் வைத்த சில மாதத்தில் மறுபடி ஜாம் ஆகிறது என்று வருகிற வண்டிகளில் விரலை விட்டுப் பார்த்தால் கறுப்பாக, பிசுபிசுவென்று அதுதான் இருக்கும்.

பேஸ்மென்டில் செய்வதானால் சரிவு இல்லாத இடமாகப் பாருங்கள், ராம்ப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். வழவழப்பான தரை என்றால் கட்டை நழுவும், பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கனமான கல்லை வையுங்கள். கீழே பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஆயில் கறை பட்டால் அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் உங்கள் பார்க்கிங் நம்பரோடு போட்டோ வந்துவிடும்.

சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட்டு, அப்புறம் தூக்குங்கள். வண்டி அடியில் ஜாக்கி வைக்கிற பள்ளத்துக்குப் பக்கத்தில் ஸ்டாண்டை நிறுத்தி, எடையை அதில் இறக்குங்கள். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள், ஸ்டாண்ட் நழுவினாலும் வண்டி அதன் மேல் உட்காரும். பிறகு ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்புங்கள். காலிப்பர் டிஸ்க்குக்குப் பின்புறம் இருக்கிற வண்டியில் இடது சக்கரத்துக்கு ஸ்டீயரிங்கை வலப்புறம் திருப்பினால் போல்ட்டுகள் வெளியே பார்க்கும். இதைச் செய்யாமல் தலையை உள்ளே நுழைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறவர்கள் நிறைய.

பின்னால் இரண்டு ஜோடி போல்ட்டுகள் தெரியும். சின்ன ஜோடி காலிப்பரைப் பின்னோடு பிடிப்பது. பெரிய ஜோடி பிராக்கெட்டை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்குகிற இரும்போடு) பிடிப்பது. பேட்டும் பின்னும் பார்க்கச் சின்ன ஜோடி போதும், டிஸ்க்கைக் கழற்றினால்தான் பெரியதைத் தொட வேண்டும். திருப்புகிற திசையில் கவனம். போல்ட் தலை வண்டியின் உள்பக்கம் பார்த்திருக்கிறது, நீங்கள் வெளியே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு எதிர்ப்புறமாகத் தெரிவதால், தளர்த்துவதாக நினைத்து இறுக்கிவிடுவது சுலபம். தலைக்கு நேராக முகத்தை வைத்துப் பார்ப்பதாகக் கற்பனை செய்து, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். போல்ட்டோடு சேர்ந்து பின்னும் சுற்றினால், பின்னில் தட்டையாகச் சீவிய இடம் இருக்கும், அங்கேதான் ஒல்லி ஓப்பன் ஸ்பேனர். அசையவே இல்லை என்றால் முந்தின நாள் ராத்திரியே துருவிளக்கும் ஆயில் அடித்து ஊற விடுங்கள், பேட்டிலும் டிஸ்க்கிலும் படாமல். கேஸ் டார்ச் வேண்டாம், ஹோஸும் பூட்டும் பக்கத்திலேயே இருக்கின்றன.

போல்ட்டுகள் வந்த பிறகும் காலிப்பர் வராமல் முரண்டு பிடிக்கலாம். டிஸ்க்கின் ஓரத்தில் தேயாத விளிம்பு ஒன்று நிற்கும், பேட் அதில் மாட்டிக்கொள்ளும். காலிப்பருக்கும் வெளி பேட்டுக்கும் நடுவே தடித்த ஸ்க்ரூ டிரைவரை வைத்து மெதுவாக நெம்பினால் பிஸ்டன் கொஞ்சம் உள்ளே போய் வழி விடும். பிஸ்டன் பூட்டில் முனை படக் கூடாது. எடுத்த கையோடு காலிப்பரைக் கட்டுக் கம்பியில் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்க விடுங்கள். ஹோஸில் தொங்க விட்டால் வெளியே தெரியாமல் உள்ளே கிழியும். வேலை முடிகிற வரை வண்டிக்குள் யாரும் ஏறிப் பெடலை மிதிக்கக் கூடாது, மிதித்தால் பிஸ்டன் வெளியே குதித்துவிடும். குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் கதவைப் பூட்டி வையுங்கள்.

இப்போது பேட்டைப் பாருங்கள். ஒரே பேட் ஒரு முனையில் தடிமனாகவும் மறுமுனையில் சன்னமாகவும் சாய்வாகத் தேய்ந்திருந்தால் ஒரு பின் மட்டும் பிடித்திருக்கிறது. உள் பேட் அதிகமாகத் தேய்ந்து வெளி பேட் அப்படியே இருந்தால் பின்கள் இரண்டும் நகரவில்லை, இல்லாவிட்டால் பிஸ்டன் பின்வாங்கவில்லை. உங்களுடையது புது பேட் என்பதால் தேய்மானம் இன்னும் தெரியாமல் இருக்கலாம், பழைய பேட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் அது நல்ல சாட்சி. பின்னை விரலால் இழுத்துப் பாருங்கள், வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போய் வர வேண்டும். வரவில்லை என்றால் பக்கவாட்டில் திருப்பித் திருப்பி வெளியே எடுங்கள். சில வண்டிகளில் ஒரு பின்னின் முனையில் மட்டும் ரப்பர் புஷ் இருக்கும், எது மேலே எது கீழே என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னில் லேசான துரு என்றால் வயர் பிரஷ், குழி விழுந்திருந்தால் புதுப் பின். துளைக்குள்ளேயும் பழைய கிரீஸைத் துடைத்து எடுத்த பிறகே புது கிரீஸ், அதுவும் பூசினாற்போல. அள்ளி அடைத்தால் காற்று மாட்டிக்கொண்டு பின் உள்ளே இறங்காது.

அடுத்தது பிஸ்டன். பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பா மூடியைக் கழற்றுங்கள். ஆயில் விளிம்பு வரை இருந்தால் மருந்துக்கடை சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள், பிஸ்டனைத் தள்ளும்போது அங்கே பொங்கும். பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும், பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பழைய பேட் ஒன்றைப் பிஸ்டன் மேல் வைத்துச் சி-கிளாம்ப்பால் மெதுவாக இறுக்குங்கள். சீராக, ஒரே பலத்தில் உள்ளே போக வேண்டும். நடுவில் திக்கித் திக்கிப் போனால், அல்லது கிளாம்ப் வளைகிற அளவு பலம் கேட்டால், மெக்கானிக் சொன்னது சரி. பூட் கிழிந்து ஓரத்தில் ஈரமாக இருந்தாலும் அப்படியே. இங்கே ஒரு எச்சரிக்கை: இது முன் காலிப்பருக்கு. பின்னாலும் டிஸ்க் உள்ள வண்டிகளில் ஹேண்ட்பிரேக் காலிப்பருக்குள்ளேயே இருந்தால், பிஸ்டனைத் தனி டூலால் சுற்றித்தான் உள்ளே தள்ள வேண்டும். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால் முதலில் சர்வீஸ் மோடுக்குப் போட வேண்டும். கிளாம்ப் போட்டு அழுத்தினால் உள்ளே இருக்கிற மெக்கானிசம் உடையும்.

டிஸ்க்கையும் எடுக்க வேண்டியிருந்தால் பெரிய ஜோடி. இதற்கு நல்ல பலம் தேவை, வண்டி ஸ்டாண்டில் ஆடாமல் நிற்கிறதா என்று இன்னொரு முறை அசைத்துப் பார்த்துவிட்டு நீளக் கைப்பிடியைப் போடுங்கள். டிஸ்க், சக்கரம் மாட்டுகிற ஹப்பில் துருவேறி ஒட்டியிருக்கும். மாருதி டிஸ்க்குகளில் மரை போட்ட இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கும். அவற்றில் 8 எம்.எம். போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்கினால் டிஸ்க் தானாக வெளியே வரும். சுத்தியலால் அடிக்க வேண்டியதில்லை.

பிஸ்டன்தான் பிரச்சினை என்று ஆகிவிட்டால் இரண்டாவது வேலைக்கு வருகிறோம். நேர்மையாகச் சொன்னால், கூடமாட உதவிக்கு ஆள் இல்லாமல் இதை முதல் தடவை செய்ய வேண்டாம். ஹோஸ் போல்ட்டைக் காலிப்பர் வண்டியில் இறுக்கமாக இருக்கும்போதே தளர்த்த வேண்டும், தொங்குகிற காலிப்பரில் ஸ்பேனர் போட்டால் ஹோஸ் முறுக்கிக்கொள்ளும். ஆயில் முழுக்க வடியாமல் இருக்க, பிரேக் பெடலை ஒரு அங்குலம் அமுக்கிய நிலையில் கட்டையால் முட்டுக் கொடுத்து வையுங்கள். பெடலிலிருந்து ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரின் துளை மூடிக்கொள்ளும், டப்பா ஆயில் கீழே வராது. அப்போது பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும், பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிடுங்கள். ஹோஸை வைஸ் கிரிப்பால் நசுக்குகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, செய்யாதீர்கள். போல்ட்டின் இரு பக்கமும் செம்பு வாஷர் இருக்கும், திரும்பப் போடும்போது இரண்டும் புதுசாக இருக்க வேண்டும். புதுக் காலிப்பரை மாட்டும்போது நிப்பிள் மேல்பக்கம் வருகிறதா பாருங்கள். கீழே வந்தால் வலது பக்கக் காலிப்பரை இடது பக்கம் போடுகிறீர்கள். அப்படி மாட்டிவிட்டு, நாள் முழுக்கக் காற்று எடுத்தும் பெடல் கெட்டியாகவில்லை என்று வருகிறவர்கள் உண்டு.

திருப்பி இறுக்கும்போது உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ள அளவுதான் அளவு. ஒரு அந்தாஜுக்குச் சொன்னால், பல ஹூண்டாய் கார்களில் பின் போல்ட் 22 முதல் 31 நியூட்டன் மீட்டர், பிராக்கெட் போல்ட் 79 முதல் 98 வரை. பின் போல்ட்டைப் பிராக்கெட் போல்ட் மாதிரி பலம் போட்டு இறுக்கினால் மரை போய்விடும்.

காற்று எடுப்பதற்கு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். நிப்பிளில் தெளிவான டியூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்குங்கள். "அமுக்கு", "பிடிச்சுக்கோ" என்றதும் வெளியே இருப்பவர் நிப்பிளைத் திறந்து மூடுவார். மூடிய பிறகுதான் "விடு". திறந்திருக்கும்போது உள்ளே இருப்பவர் காலை எடுத்துவிட்டால் காற்று திரும்ப உள்ளே போகும், வேலை முதலிலிருந்து. பழைய வண்டியில் பெடலுக்கு அடியில் ஒரு கட்டை வையுங்கள். அடிவரை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் சீல் வழக்கமாகப் போகாத துருப் பகுதிக்குப் போய் அறுபடும். டப்பாவில் ஆயில் தீராமல் ஊற்றிக்கொண்டே இருந்தால், கழற்றிய அந்தச் சக்கரத்தில் மட்டும் எடுத்தாலே பெரும்பாலும் போதும். நான்கிலும் எடுப்பதானால் வரிசையை மேனுவலில் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவது பழைய வழக்கம், நம் வலது ஸ்டீயரிங் வண்டிகளில் அது இடது பின் சக்கரம்.

ஆயில், டப்பா மூடியில் எழுதியிருக்கிற டாட் எண்படி (டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு). டாட் 5 என்பது சிலிக்கான், அதை டாட் 3, டாட் 4-இல் கலக்கக் கூடாது. திறந்து மாதக் கணக்கில் வைத்த டப்பாவை ஊற்ற வேண்டாம், பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடிக்கும். புது டாட் 4 கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வேண்டும், ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடுகிறது. ஊருக்குப் போகிறோம் என்று கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டித் தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவர்களுக்கு இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் பெடலில் தெரியும். ஒரு பக்கம் ஏற்கெனவே உரசிக்கொண்டிருக்கிற வண்டியை அந்த இறக்கத்துக்குக் கொண்டு போகவே கூடாது.

எல்லாம் மாட்டி, சக்கரத்தைப் போட்டு, பெடலுக்கு வைத்த கட்டையை எடுத்து, பேட்டரியை இணைத்த பிறகு, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும் முன் பெடலைக் கெட்டியாகும் வரை மிதியுங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளிய வண்டியில் முதல் சில மிதிகள் வெறுமனே தரை வரை போகும், அதை ராம்ப்பில் தெரிந்துகொள்ளக் கூடாது. ஆயில் மட்டத்தைப் பார்த்து மூடியைப் போடுங்கள். பேஸ்மென்டுக்குள்ளேயே நடைவேகத்தில் ஓட்டி நிறுத்திப் பார்த்துவிட்டு, காலியான தெருவில் ஏழெட்டுக் கிலோமீட்டர் போய் வாருங்கள், பிரேக்கை அதிகம் உபயோகிக்காமல். இறங்கியதும் இரண்டு முன் சக்கரத்துக்கும் பக்கத்தில் கையை வைத்து, டிஸ்க்கைத் தொடாமல், சூட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்று போல இருந்தால் வேலை முடிந்தது. இடது பக்கம் இன்னும் அனல் அடித்தால், நிப்பிள் சோதனையை மறுபடி செய்து, ஹோஸை மாற்றுங்கள்.

சேர்ந்த பழைய ஆயிலை அடைத்த பாட்டிலில் வைத்து ஏதாவது ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். பேஸ்மென்ட் சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.